ரசம் ஓடும் திசை

மிதவூரில் காலைப் படகு ஏற வேண்டுமென்றால் முதலில் முகத்தைக் காட்ட வேண்டும். படகுத்துறை வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிற்கும். அது முகத்தை மேலும் கீழும் வாசித்துவிட்டு விளக்குப் போடும். பச்சை வந்தால் முன்னால் போய் மெத்தை இருக்கையில் சாய்ந்துகொள்ளலாம். சிவப்பு வந்தால் கடைசிப் பலகை. அதைச் சுற்றிச் சிவப்பு நாடா வேறு. முகமாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏற்பாடு அது. ஒரு வாடிய முகம் படகு நிறைய இருக்கும் சிரித்த முகங்களைக் கெடுத்துவிடும், டீசல் புகைகூட அத்தனை வேகமாகப் பரவாது என்று வாரியத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள்.

சௌந்தரத்துக்கு என்றைக்கும் சிவப்புதான். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து கடைசிப் பலகை குழிந்து, மழை பெய்தால் காக்கை வந்து குளித்துவிட்டுப் போகும் அளவுக்குப் பள்ளமாகிவிட்டது. எப்போதாவது பல்வலிக்காரர் ஒருவர் துணைக்கு வந்து உட்காருவார். அவரும் மறுநாளே பச்சைக்கு மாறிவிடுவார்.

"என்னம்மா, இன்னிக்குமா?" என்பார் படகோட்டி.

"நாளைக்கும்தான்" என்பாள் சௌந்தரம்.

கரையைக் கடல் தின்று தீர்த்த பிறகு ஊர்களைத் தூக்கி மிதக்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மிதவைக்கும் தட்டு என்று பெயர். பன்னிரண்டு தட்டுகள் சேர்ந்தது மிதவூர். ஒவ்வொன்றையும் கடலடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாம் தட்டின் சங்கிலி அறுந்தது. தட்டு முதலில் மெல்லச் சாய்ந்தது. அப்புறம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. அதன் பிறகு ஊரில் யாருக்கும் தூக்கமில்லை. 'நான் போயிருக்க வேண்டும்', 'நான்தான் கொன்றேன்', 'இனி எதுவும் விளங்காது' என்று ஆளுக்கொரு நினைப்பு மண்டைக்குள் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தேற்றி வந்தது. எண்ணத் திருத்தச் சில்லு என்பது அரசாங்கம் வைத்த பெயர். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சின்ன சிப். தேற்றாங்கொட்டை அளவுதான் இருக்கும். கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரசினால் சேறு அடியில் போய்ப் படிந்து மேல் தண்ணீர் தெளியுமே, அந்த வேலையைத்தான் அது மண்டைக்குள் செய்தது. கெட்ட நினைப்பு ஒரு தடவை வந்தால் தேற்றி சும்மா இருக்கும். இரண்டாம் தடவை வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளும். மூன்றாம் தடவை வந்துவிட்டால் அதற்கு 'முள்' என்று பெயர். உடனே முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே குழியில் பூச்செடி போல ஒரு வாக்கியத்தை நட்டுவிடும். வாக்கியம் சுத்தமான செந்தமிழில் இருக்கும். அதனால் யாருக்கு எப்போது முள் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பது வெகு சுலபம். தெருவே அதிர வைதுகொண்டிருந்த மீன்காரி திடீரென்று செய்தி வாசிப்பவளைப் போலப் பேசினால், ஆயிற்று என்று பொருள்.

ஊர் சொர்க்கமாகிவிட்டது. வக்கீல்கள் வலை பின்னப் போனார்கள். ஆஸ்பத்திரியில் இடது காலுக்குப் பதில் வலது காலை எடுத்துவிட்ட டாக்டர், "அந்நேரத்தில் என்னிடம் இருந்த தகவலின்படி நல்ல முடிவையே எடுத்தேன்" என்று புன்னகைத்தார். கால் போனவரும் புன்னகைத்து, "இனி ஒரு செருப்பைத் தேடினால் போதுமானது" என்றார். சங்கிலி ஏன் துருப்பிடித்தது என்று விசாரிக்க உட்கார்ந்த ஆணையம் காலையில் கூடி, வடையும் காப்பியும் ஆனதும் கலைந்தது. சாட்சிகள் அத்தனை பேரும் "எல்லோரும் தத்தமக்கு இயன்றதைச் செய்தார்கள்" என்று ஒரே குரலில் சொன்னால் ஆணையம் எதைத்தான் எழுதும்? சங்கிலிகளை யாரும் மாற்றவில்லை. போன ஆடியில் ஒன்பதாம் தட்டும் மூழ்கியது. பிழைத்தவர்கள் படகில் ஏறித் தலையைத் துவட்டிக்கொண்டே, "கடல் நீராடல் உடலுக்கு நல்லது" என்றார்கள்.

சௌந்தரம் மட்டும் தேற்றி ஒட்டிக்கொள்ளவில்லை. தோல் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தாள். அவள் தோல் சுறாமீன் தோல். அதற்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இந்த உலகத்தில் கிடையாது. டாக்டருக்கும் அது தெரியும்.

இப்போது நாலாம் தட்டில் இருந்த அவள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து. மகள் ஆதிரைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மாலை பற்றிப் பேச சௌந்தரத்தின் தம்பி குணசீலன் வந்திருந்தான். இலை போட்டதும் சௌந்தரம் சோற்றுக்கு முன்னால் ரசத்தை எடுத்து இலை நடுவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, குனிந்து அதையே பார்த்தாள்.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அவள் புருஷன் பக்கிரிசாமி. "கரண்டிய வெச்சு மட்டம் பாக்குற கொத்தனாரு நம்ம வீட்டுல மட்டுந்தான் உண்டு."

ரசம் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றது. சௌந்தரம் நிமிர்ந்தாள். அதன் பிறகுதான் சோறு வந்தது.

"மாலை சொல்லியாச்சுக்கா" என்றான் குணசீலன். "சம்பங்கியும் ரோசாவும். ஆளு உசரத்துக்கு."

"யாரு உசரத்துக்கு? உன் உசரத்துக்குக் கட்டினா பொண்ணு மாலைக்குள்ள காணாமப் போயிடும்."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

"குணசீலா, அன்னிக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

பிசைந்த சோறு அவன் கையில் நின்றது. ஆமை தலை நீட்டுவது போல அவனுடைய பழைய முகம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. உடனே உள்ளே போய்விட்டது.

"அன்று இருந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றான். பிறகு தன் குரலில், "மோர் இருக்காக்கா?" என்று கேட்டான்.

வருஷா வருஷம் அவள் கேட்பதும், ஓர் எழுத்து பிசகாமல் அதே பதில் வருவதும் வழக்கமாகிவிட்டது.

அன்றைக்கும் இப்படித்தான் விருந்து. ஏழாம் தட்டில் அவர்கள் வீடு. பக்கிரிசாமி மூத்தவள் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வேறு தட்டுக்குப் போயிருந்தார். சின்னவள் நித்திலாவுக்கு ஒன்பது வயது. மாமன் பக்கத்து இலையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தாள். ரசம் இலையில் நிற்காமல் கிழக்குப் பார்த்து ஓடியது. "என்னடா இது, இப்படி ஓடுது" என்றாள் சௌந்தரம். "சோத்தால அணை கட்டத் தெரியாதாக்கா உனக்கு" என்று சிரித்தான் குணசீலன். அணை கட்டினார்கள். அணையையும் தாண்டி ஓடியது. அப்புறம் சொம்பு உருண்டது. அப்புறம் வீடு.

குணசீலன் முன்னால் ஓடிப் படகில் குதித்தான். சௌந்தரமும் குழந்தையும் துறைப் பலகையில் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். "தம்பி, கயித்த அவுக்காத" என்று அவள் கத்தினாள். "மாமா" என்று நித்திலா கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். அதன் பிறகு தண்ணீர்தான். சௌந்தரத்தின் கையில் ஒரு பிளாஸ்டிக் டிரம் அகப்பட்டது. இன்னொரு கையில் இருந்த சின்னக் கை இல்லை.

நிவாரண முகாமில் மரியபுஷ்பம் என்று ஓர் ஆலோசகர் இருந்தாள். தேற்றி வருவதற்கு முந்தைய காலத்து மனுஷி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவாள். "நான் கையை விட்டுட்டேன், நான்தான் எம்புள்ளய கொன்னேன்" என்று சௌந்தரம் சொல்வாள். "சரிம்மா. விட்டீங்கன்னு எத வெச்சு சொல்றீங்க? அந்த நேரத்துல கை என்ன செஞ்சுது, சொல்லுங்க" என்பாள் மரியபுஷ்பம். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். பதில் வருவதற்குள் முகாமில் உலை வைத்து, சோறு வடித்து, பாத்திரமும் கழுவிவிடுவார்கள். அவள் அசைய மாட்டாள். கேட்டுக் கேட்டு, அழுது அழுது, பல மாதம் போன பிறகு ஒரு நாள் சௌந்தரத்தின் வாயிலிருந்து தானாக வந்தது: "கையை நான் விடல. தண்ணி பிடுங்கிச்சு." அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகப் பசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த நினைப்பையும் மரியபுஷ்பம் விடவில்லை. "தம்பிக்குக் கேட்டுச்சு" என்றாள் சௌந்தரம். அதே கேள்விகள். எதை வைத்துச் சொல்கிறீர்கள், வேறு விதமாக இருந்திருக்கலாமா, காற்று எந்தப் பக்கம் அடித்தது. எல்லாக் கேள்விக்கும் அந்த நினைப்பு அசையாமல் நின்றது. கடைசியில் மரியபுஷ்பம் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "மொதல்ல சொன்னது பொய்ம்மா, அதான் எடுக்க முடிஞ்சுது. இது நடந்தது. இத நானும் எடுக்க முடியாது, நீங்களும் எடுக்க முடியாது. அவரு வாயால சொன்னா ஆறும்."

தேற்றியைச் செய்தவர்கள் மரியபுஷ்பத்தைப் போன்றவர்களின் கேள்விகளைத்தான் சில்லுக்குள் போட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையைப் போட மறந்துவிட்டார்கள்.

"கழட்டி வெச்சிட்டுச் சொல்லு" என்றாள் சௌந்தரம் இப்போது. "சுத்தம் பண்ண கழட்டலாம்ல. ஒரு நாழி கழட்டு. கேட்டுச்சா கேக்கலயான்னு சொல்லு. அப்புறம் மாட்டிக்க."

குணசீலன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டான். "வேணாங்க்கா. அடியில என்ன கெடக்குதுன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். உன்ன அடிக்கவோ வையவோ கேக்கல. ஒத்த வார்த்தைக்கு இத்தன வருசமா காத்துக் கெடக்கேன். அத சொல்லாம எம்பொண்ணு கழுத்துல உன் மாலை ஏறாது."

அவன் இலையை மூடாமல் எழுந்து போனான்.

"நல்ல பய" என்றார் பக்கிரிசாமி, மோரை உறிஞ்சிக்கொண்டே. "நித்திலாவ எவ்ளோ பாசமா வெச்சிருந்தான்." பிறகு குரல் மாறியது. "ஒன்பது ஆண்டுகள் அவள் நம்மோடு மகிழ்ச்சியாக வாழ்ந்தாள்."

சௌந்தரம் ரசக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். அந்த மனுஷன் அந்தக் காலத்தில் குழந்தையின் கிழிந்த பாவாடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஓலமிட்டவர். அந்தப் பாவாடை இப்போது சைக்கிள் துடைக்கப் போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிடித்திருந்தது படகுத்துறையை ஒட்டிய முள்ளில்லா மண்டபம். தேற்றி இல்லாத ஆள் வாசலைத் தாண்ட முடியாது, பெண்ணின் தாயாக இருந்தாலும். சௌந்தரம் பிடிவாதமாக இருந்தாள். வெளியே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கல்யாணத்துக்கு முந்தைய சாயங்காலம் ஆதிரை மருதாணிக் கையோடு அவளிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ உள்ள வரலன்னா எனக்கு எப்படிம்மா இருக்கும்? மணவறையில உக்காந்து வாசலயே பாத்துக்கிட்டு இருப்பேன். நித்திலாவுக்கு மட்டுந்தான் நீ அம்மாவா? நீ வரலன்னா நான்…"

அவ்வளவுதான். ஆதிரையின் கண்ணில் திரண்டிருந்த தண்ணீர் விழாமல் நின்றது. நெற்றிச் சுருக்கம் இஸ்திரி போட்டது போல நீவிக்கொண்டது.

"அம்மா வராவிட்டாலும் அவருடைய அன்பு என்னுடன் இருக்கும்" என்றாள். எழுந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனாள்.

ஒருத்தியைத் தண்ணீர் பிடுங்கியது. இன்னொருத்தியை ஒரு வாக்கியம் பிடுங்கிக்கொண்டிருந்தது. இதற்கு டிரம்மும் கிடையாது.

மறுநாள் காலை மண்டப வாசலில் வாரியத்துப் பெண் தேற்றி ஒட்டுவதற்காகப் பஞ்சால் அவள் காதுக்குப் பின்னால் துடைத்தாள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்மா, அவ்ளோதான்." எறும்பு கடித்தது. பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மின்விசிறியை யாரோ நிறுத்தியது போல இருந்தது. நின்ற பிறகுதான் அது அத்தனை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. கண்ணாடி பச்சை விளக்குப் போட்டது. பக்கிரிசாமி கைதட்டினார்.

"அம்மா வந்துட்டா" என்று உள்ளிருந்து ஆதிரை கத்தினாள், சொந்தக் குரலில்.

முகூர்த்தம் முடியும் நேரம், வாசலில் ஏதோ பேச்சு. சௌந்தரம் போய்ப் பார்த்தாள். தோளில் ஆளுயர மாலையோடு குணசீலன் துறைப் பலகையில் நின்றிருந்தான். சிவப்பு விளக்கு அவன் வேட்டியையெல்லாம் சிவப்பாக்கியிருந்தது. காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. வாரியத்துப் பெண் பணிவாக, "மாலைய உள்ள அனுப்பலாம் சார். முகத்த அனுப்ப முடியாது" என்றாள். மாலையை வாங்கிக்கொண்டும் போய்விட்டாள்.

"அக்கா" என்றான் அவன். முகம் நனைந்த அட்டை போல ஊறிக் கிடந்தது. "முந்தாநேத்தே கழட்டிட்டேன். வர்றதுக்குக் காலு வரலக்கா. கேட்டுச்சு. நீ கத்தினது கேட்டுச்சு. கயித்த அவுக்காதன்னது கேட்டுச்சு. பாப்பா மாமான்னதும் கேட்டுச்சுக்கா. திரும்பிப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அவுத்தேன். பயந்துட்டேன்."

சௌந்தரத்துக்குள் என்னவோ அடியிலிருந்து எழும்பியது. சொல்லிவிட்டான். அவனுக்குக் கேட்டது. தொண்டைவரை வந்தது. அவனுக்குக் கேட்டது. இதற்காகத்தான், இந்த ஒன்றுக்காகத்தான். அவனுக்குக் கேட்…

காதுக்குப் பின்னால் லேசான குளிர்ச்சி. எழும்பியது படிந்தது. தண்ணீர் தெளிந்தது.

"அன்று இருந்த இரைச்சலில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது" என்றாள் அவள். அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இல்லக்கா. கேட்டுச்சு."

"எல்லோரும் தத்தமக்கு இயன்றதைச் செய்தோம்."

"அக்கா, வையுக்கா. ரெண்டு அடி அடி. நீ கேட்டேன்னுதானே கழட்டிட்டு வந்தேன். உன்ன விட்டா யார்ட்டக்கா சொல்லுவேன்?"

கல்யாண வாசலில் இவன் ஏன் இப்படி அழுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. பாவமாக இருந்தது. அதுவும் சீக்கிரத்தில் சரியாகிவிட்டது.

"சாப்ட்டியாடா?" என்றாள். "இரு, இலை கொண்டாறேன்."

தாய்மாமனைப் பட்டினி போடுவதா? அவளே ஒரு தலைவாழை இலையை எடுத்து வந்து துறைப் பலகையில் விரித்தாள். சோறு போட்டாள், பருப்பு, பொரியல், அப்பளம். குழி செய்து ரசம் ஊற்றினாள்.

ரசம் குழியில் நிற்கவில்லை. ஓரத்தை உடைத்துக்கொண்டு, இலை நரம்பைத் தாண்டி, கிழக்குப் பார்த்து ஓடிக் கடலில் சொட்டியது.

குணசீலன் இலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அக்கா. ரசம் ஓடுது."

ஏழாம் தட்டில், என்று ஒரு நினைப்பு அவளுக்குள் தலை தூக்கியது. மறுபடி தூக்கியது. மூன்றாவது முறை தூக்கியதும் பந்தியில் ரசம் ஓடுவது இயல்பே என்றாகிவிட்டது.

"சோத்தால அணை கட்டத் தெரியாதாடா உனக்கு" என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளே முதல் பந்தி. பக்கிரிசாமி அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஆதிரை, கழுத்தில் மாமன் மாலையோடு. யார் இலையிலும் ரசம் நிற்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே வாய்க்கால் வெட்டுவதும் கரை போடுவதுமாக இருந்தார்கள். ஒரு பெரியவர் இலையிலிருந்து லட்டு உருண்டு எதிர் வரிசைக்குப் போனது. "பகிர்ந்துண்ணல் நன்று" என்றார். நாதஸ்வரக்காரர் சாய்ந்து சாய்ந்து வாசித்தார். ராகத்தில் லயித்துவிட்டார் என்று தலையாட்டினார்கள்.

திறந்த பக்கத்தின் வழியே துறை தெரிந்தது. குணசீலன் படகுக்குள் நின்றிருந்தான். கயிற்றை அவிழ்க்கவில்லை. கம்பத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். நாடாவோடு இரண்டு வாரியத்துக்காரர்கள் அவனை நோக்கி அவசரமில்லாமல் நடந்தார்கள்.

"அக்கா, வாக்கா. ஆதிரைய கூட்டிக்கிட்டு வா. கயித்த நான் விடமாட்டேன். அக்கா."

சௌந்தரத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தண்ணீரில் விழுந்த கல் போலத் தெளிவாகக் கேட்டது. தலை திரும்பியது. ஆதிரையின் மணிக்கட்டைப் பிடிக்க அவள் கை பாதி தூரம் போனது.

"யாரும்மா கூப்பிடுறா?" என்றாள் ஆதிரை.

"இந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றாள் சௌந்தரம். போன கையைத் திருப்பி இலைக்குக் கொண்டுவந்து, கிழக்குப் பக்கம் இன்னும் ஒரு கைப்பிடி சோற்றை வைத்து, அணையை உயர்த்தினாள்.